எதிர் வீட்டுக்குப் போன பாட்டு

எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்த வருஷம், ஆடிக் காற்று அடங்கி வெயில் திரும்பவும் தலைகாட்டிய நாட்களில், போத்தனூர் ரயில்வே காலனியை ஒட்டிய எங்கள் தெருவில் ஜெரால்டின் வீடு தூரமாக ஆரம்பித்தது. வீடு நகரவில்லை, சுவரில் ஒரு விரிசல்கூட விடவில்லை, முருங்கை மரமும் இரும்பு கேட்டும் கேட்டின் மேல் அவன் மனைவி சாந்தாமணி காயப்போட்ட கால்மிதியும் இருந்த இடத்திலேயே இருந்தன, தெருவின் இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அவள் முறத்தில் புடைப்பது துவரையா உளுந்தா என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் நடந்து போனால் மட்டும், தெருவைக் குறுக்கே தாண்டினால் வந்துவிடுகிற அந்த கேட்டுக்கு, ஒருவன் வெற்றிலை போட்டு மென்று துப்பி முடிக்கும் நேரம் ஆனது.

ஜெரால்டு சிக்னல் பட்டறையில் ஃபிட்டர். பொழுது சாய்ந்தால் எங்கள் இசைக்குழுவில் பேஸ் கிட்டார். கனி டிரம்ஸ் வாசித்தான், சசிதரன் கிட்டார் வாசித்துப் பாடினான், பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சராக இருந்த நான், மோகனா, கீபோர்டு வாசித்தேன். நாங்கள் வாசித்தது புரோகிரெசிவ் ராக். கல்லூரி விழாக்களில் மேடையேறினால் முதல் பாட்டு முடிவதற்குள் பையன்கள் போண்டா தின்னப் போய்விடுவார்கள், ஏனென்றால் எங்கள் பாட்டு சீக்கிரம் முடியாது, தாளம் ஏழில் தொடங்கி ஐந்துக்குப் போய் ஒன்பதில் திரும்பி வரும், ஆட எழுந்தவன் கால் தடுக்கி உட்கார்ந்துவிடுவான். இருந்தாலும் நாங்கள் விடவில்லை. ஒத்திகை கனியின் வீட்டு மாடியில். மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே ஜெரால்டின் வீடு.

ஜெரால்டு ஆங்கிலோ இந்தியன், சாந்தாமணி வெள்ளலூர்க்காரி, இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வராத கல்யாணம். பாழாய்க் கிடந்த அந்த வீட்டை அவர்களே சுண்ணாம்படித்து, அவர்களே கிணற்றைத் தூர்வாரி, சர்ச்சில் கொடுத்த ஒரு மேசையையும் கனியின் அம்மா கொடுத்த ஒரு குத்துவிளக்கையும் வைத்துக்கொண்டு குடிபுகுந்தார்கள். அங்கேதான் எமிலி பிறந்தாள். ஒத்திகையின் நடுவே அவள் கேட்டில் ஏறி நின்று "டாடி" என்று கூப்பிட்டால் ஜெரால்டு கிட்டாரைக் கழற்றிவைத்துவிட்டுப் படியிறங்கி, தெருவைத் தாண்டி, அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு, மறுபடி மாடியேறி விட்ட இடத்திலிருந்து வாசிப்பான். கனி அதற்குள் ஒரு டீ குடித்திருப்பான், அவ்வளவுதான்.

வீடு தூரமாக ஆரம்பித்த நாட்களில் ஒரு மாலை, ஒத்திகைக்கு வந்த ஜெரால்டு கிட்டாரை எடுக்காமல் ஜன்னலோரம் நின்றான்.

"மேன், நேத்து வீடு வரல," என்றான்.

"வரலன்னா?" என்றான் கனி.

"நடந்துட்டே இருந்தேன். வந்துச்சு. ஆனா லேட்டா வந்துச்சு."

நாங்கள் சிரித்தோம். சசிதரன் எழுந்து, நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனான். மாடியிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் சாதாரணமாகத்தான் நடந்தான், கால் முன்னால்தான் போயிற்று, ஆனால் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, நேராகப் போய்ப் பானையிலிருந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தான்.

தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் எல்லோரும் ஒருமுறை நடந்து பார்த்தார்கள். தெருவில் நீளவாக்கில் போகிறவர்களுக்கு ஒன்றுமில்லை, சைக்கிளும் தள்ளுவண்டியும் எப்போதும்போல் போய்வந்தன, ஜெரால்டின் வீட்டை நோக்கிக் காலெடுத்து வைப்பவர்களுக்கு மட்டும்தான் தெரு நீண்டது. ஒரு வாரம் பையன்கள் பந்தயம் வைத்து ஓடினார்கள், பிறகு சலித்துவிட்டார்கள். பால்காரர் அந்த வீட்டுக்கு முதலில் ஊற்றிக்கொண்டிருந்ததை மாற்றிக் கடைசியாக ஊற்றினார். கரண்ட் ஆபீஸிலிருந்து ரீடிங் எடுக்க வந்தவர் தெரு முனையில் யாரிடமோ பைனாகுலர் வாங்கி இந்தப் பக்கமே நின்று மீட்டரைப் படித்துக்கொண்டார். சர்வேயர் ஒருவர் வந்து கருவியில் கண்ணை வைத்துப் பார்த்து, இது சாதாரணத் தெருதான் என்றார், பிறகு டேப்பை ஒருவன் பிடிக்க இன்னொருவன் வீட்டை நோக்கி இழுத்துக்கொண்டு போக, பாதித் தெருவுக்குள் டேப் தீர்ந்துபோயிற்று, அவர் அதைச் சுருட்டிக்கொண்டே, "ரெண்டும் சரியாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

காரணம் தேடினவர்களும் உண்டு. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையாக இருக்கும் என்றார்கள். சண்டை இல்லை. தெருவே தேடிப் பார்த்தது, ஒரு சண்டையும் கிடைக்கவில்லை. கிணற்றைத் தூர்வாரியது தப்பு என்றார்கள், வாசல் திசை சரியில்லை என்றார்கள், நாங்கள் வாசிக்கிற கோணல் தாளத்தால்தான் என்றுகூட மளிகைக் கடைக்காரர் சொன்னார், நாங்கள் ஒரு மாதம் வாசிக்காமல் இருந்து பார்த்தோம், அந்த மாதமும் வீடு தூரமாகிக்கொண்டுதான் இருந்தது.

"வெளிய வந்துருங்க சாந்தாமணி, எங்க கீழ் வீடு காலியாத்தான இருக்கு," என்றாள் கனியின் அம்மா, ஒரு நாள் அங்கே நடந்து போய் மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு.

"அர மணி நேர நடைக்கு வீட்ட உட்டுட்டு வரோணுங்களா?" என்று சாந்தாமணி சிரித்தாள். "எங்க ஊர்ல பஸ்ஸுக்கே அவ்வளவு தொலவு நடப்போமுங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. அரை மணி நேரம் ஒரு மணி நேரமானபோதும் நியாயமாகத்தான் பட்டது. கோழி அடைகாக்கிறது, குஞ்சு பொரிக்கட்டும் என்றாள். பப்பாளி காய்த்திருக்கிறது என்றாள். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றான் ஜெரால்டு. அவன் விடியும் முன்பே வீட்டிலிருந்து கிளம்பித் தெருவைத் தாண்டிப் பட்டறைக்குப் போனான், மாலை ஒத்திகையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். எமிலியைப் பள்ளியில் சேர்க்கவில்லை. கேட்டில் ஏறி நின்று அவள் வாயைத் திறப்பது முதலில் தெரியும், பிறகுதான் "டாடி" என்பது வரும், மின்னலுக்கு அப்புறம் இடி வருகிற மாதிரி, பிறகு அதைவிடத் தாமதமாக, பிறகு அதைவிடவும்.

சசிதரன் அந்தப் பாட்டைக் கட்டியது அப்போதுதான். யாருக்கும் சொல்லாமல் கட்டினான், வாசித்துக் காட்டியபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. நான் கீபோர்டில் ஒரு வரி கேட்பேன், கிட்டார் அதற்குப் பதில் சொல்லும், ஒவ்வொரு சுற்றிலும் பதில் கொஞ்சம் தாமதமாக வரும், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் கிடக்கிற வெட்டவெளியை பேஸ் மட்டும் தனியாக நடந்து கடக்கும். கேஸட்டின் ஒரு பக்கம் முழுவதும் அந்த ஒரே பாட்டு. பெயர் 'எதிர் வீடு'.

"இது நான் நடக்கிறதுதானே?" என்றான் ஜெரால்டு.

"வேண்டாம்னா விட்டுரலாம்டா," என்றான் சசிதரன்.

"இல்ல மேன். கரெக்டா இருக்கு."

அடுத்த வருஷ ஐப்பசி மழையில் எமிலிக்கு மூச்சிரைப்பு வந்தது. அதற்குள் அந்த வீட்டுக்குப் போக முழுப் பகல் பிடித்தது, தெருவில் நிழல் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது, மழை நேராகத் தலையில் இறங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாமென்று மூவரும் ஒருமுறை கிளம்பிப் பார்த்தார்கள். நாங்கள் இந்தப் பக்கம் குடையும் கம்பளியுமாகக் காத்து நின்றோம், கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல அவர்கள் வருவதைப் பார்த்தோம், குழந்தையின் உதடு நீலம் பாரித்ததையும் பார்த்தோம், பாதி வழியில் சாந்தாமணி நின்றாள், ஏதோ சொன்னாள், மூவரும் திரும்பினார்கள், ஏனென்றால் அப்போது வீடுதான் பக்கம்.

மறுநாள் ஜெரால்டு மட்டும் மருந்துக்காக வெளியே வந்தான். அந்த வாரம்தான் கோயமுத்தூரில் ஒரு ஸ்டுடியோவை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். "நீ போ, நாங்க பாத்துக்கறோம்," என்றேன். அவன் தலையாட்டினான், ஆனாலும் மருந்துக் கடை திறக்கும்வரை சும்மா உட்காராமல் வந்து வாசித்தான், டாக்டரிடம் எழுதி வாங்கி மருந்தோடு திரும்பி வந்தும் வாசித்தான், பாட்டின் கடைசிப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் அன்று ஒரே மூச்சில் முடிந்தது. அப்படி அவன் வாசித்து நான் கேட்டதில்லை. மருந்துப் பொட்டலம் சட்டைப் பைக்குள் இருந்தது, குனியும்போதெல்லாம் கசங்கிச் சத்தம் வந்தது, ரெக்கார்டிங்கிலும் அது விழுந்திருக்கிறது.

"மிச்சத்த வந்து வாசிக்கறேன். நாளன்னைக்கு வந்துருவேன்," என்றான். ஒரு கைவண்டியில் அரிசியும் மண்ணெண்ணெயும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு, குழந்தையையும் சாந்தாமணியையும் அதே வண்டியில் வைத்துக் கூட்டிவந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, மழை சற்று விட்ட ஒரு காலையில் எங்கள் பக்கத்திலிருந்து தெருவில் இறங்கினான்.

பொழுது சாய்ந்தபோது அவன் தெருவின் நடுவைக்கூட எட்டியிருக்கவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க நாங்கள் கனியின் மாடியில் நின்று பார்த்தோம், அவன் நடந்துகொண்டே இருந்தான், வண்டிச் சக்கரம் உருண்டுகொண்டே இருந்தது, கேட்டில் சாந்தாமணி நின்றுகொண்டே இருந்தாள், அவள் இடுப்பில் எமிலி தலைசாய்த்துக் கிடந்தாள், குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவது எங்களுக்கே தெரிந்தது. கனி ஒரு பாட்டில் மருந்தைத் துணியில் சுற்றிப் பலமெல்லாம் சேர்த்து அந்த வீட்டை நோக்கி எறிந்தான், அது எங்களுக்கு எதிரே, கண்ணுக்கு நேரே, தார் ரோட்டில் விழுந்து கிடந்தது. அதை எடுக்கப் போனவன் மத்தியானம் வரை நடந்து வெறுங்கையோடு திரும்பி வந்து சுவரில் நெற்றியை வைத்து நின்றான்.

எமிலி பிழைத்தாள். எப்படி என்று தெரியவில்லை. சாந்தாமணி கொதிக்கவைத்த தண்ணீரின் ஆவியைக் காட்டினாள், துளசியோ ஆடாதோடையோ எதையோ பிழிந்து கொடுத்தாள், இரவுபகலாக முதுகை நீவிக்கொண்டிருந்தாள், ஒரு காலையில் குழந்தை கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுவதைத் தெருவே பார்த்துக் கைதட்டியது. அன்றைக்கே சாந்தாமணி இரண்டு கையையும் வாயருகே குவித்து ஜெரால்டைப் பார்த்துக் கத்தினாள். அவன் தலை நிமிரவில்லை. அது அவனை எட்டப் பல நாட்கள் ஆயின. அவன் சட்டென்று நின்றான், வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான், அதிலிருந்து அவனுக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டோம். அதன் பிறகு எங்களுக்கும் வந்தது, பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் போகிற நேரத்தில், சைக்கிள் மணிச் சத்தங்களுக்கு நடுவே.

"ஏனுங்க, பாப்பாளுக்குச் செரியாப் போச்சுங்க. மருந்து வேண்டாம். நீங்க திரும்பிப் போயிருங்க. அந்தப் பக்கந்தான் கிட்டக்க."

அது எங்களுக்குக் கேட்டபோது ஜெரால்டு மறுபடி நடக்க ஆரம்பித்து எத்தனையோ நாளாகியிருந்தது. வீட்டைப் பார்த்துத்தான்.

அப்புறம் தெருவுக்கு அவனும் பழகிவிட்டான். சைக்கிளில் போகிறவர்கள் அவனைத் தொடவே முடியாது என்று தெரிந்தும் அவன் நின்ற இடத்தில் ஹேண்டிலைக் கொஞ்சம் ஒடித்துப் போனார்கள். அவன் தார்ப்பாயில் மழைத் தண்ணீர் பிடித்துக் குடிப்பதையும், அந்த வீட்டுக்காகத் தெரு முன்பு அனுப்பி ஆட்கள் பாதியில் போட்டுவிட்டு வந்த மூட்டைகளைப் பிரித்து நடுரோட்டில் கல் கூட்டிச் சோறாக்குவதையும் பார்த்துக்கொண்டே எங்கள் வீடுகளிலும் சோறாக்கினார்கள். தாடி வளர்ந்தது, செருப்பு தேய்ந்து போயிற்று, சட்டை நிறம் மாறிற்று. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு வீட்டுக்காரர்கள் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வதுபோல அவனையும் சொல்லிவைத்தார்கள். சர்ச் தேர்த் திருவிழாவன்று பாதிரியார் இந்தப் பக்கம் நின்று அவனை நோக்கியும் வீட்டை நோக்கியும் தீர்த்தம் தெளித்தார். வேறு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் நாளாக ஆக நின்றுவிட்டது.

பாட்டின் கடைசிப் பகுதிக்கு வேறு ஆளை வைத்து வாசிக்கலாம் என்று ஸ்டுடியோவில் சொன்னார்கள். சசிதரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டும் வந்தான், நல்லபடியாக வாசித்தான் அந்தப் பையன், கனிதான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அப்படியே விட்டுவிட்டோம். அதனால் கேஸட்டில் கடைசிச் சுற்றுகளில் என் கேள்வி வரும், வெகுநேரம் கழித்து கிட்டாரின் பதில் வரும், நடுவில் கனியின் சிம்பல் தட்டு மட்டும் மெல்லிசாகக் கேட்டுக்கொண்டிருக்கும், கடக்க யாரும் இல்லை. கேட்டவர்களில் சிலர் டேப் பழுது என்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் ரொம்பப் புதுமை என்றார்கள்.

கேஸட் வந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவர் தன்னிடமிருந்த ஸ்பீக்கர் பெட்டி எல்லாவற்றையும் கனியின் மாடியில் ஏற்றி, எல்லாவற்றின் வாயையும் எதிர் வீட்டைப் பார்த்துத் திருப்பிவைத்தார். தெரு முழுக்க வந்து நின்றது. மளிகைக் கடைக்காரரும் கடையைச் சாத்திவிட்டு வந்தார். பாட்டு ஓடியது, ஓடி முடிந்தது, போண்டா தின்ன யாரும் போகவில்லை. எதிரே சாந்தாமணி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜெரால்டுக்கும் கேட்கவில்லை. எங்கள் கண் முன்னால் ஒரு காலித் தெரு, அதற்குள் எங்கோ பாட்டு போய்க்கொண்டிருந்தது.

தை பிறந்து சில நாளில் ஜெரால்டு நின்றான். நான் பள்ளிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்திருந்தேன், அவன் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கனியைக் கூப்பிட்டேன். வண்டியை விட்டுவிட்டு அவன் தனியாக நின்றான், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தான், முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. கனி அவன் காலைப் பார்த்தே பாட்டில் எந்த இடம் ஓடுகிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசிப் பகுதி வந்தபோது ஜெரால்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான், எங்கே பேஸ் என்று கேட்பது போல. உடனே புரிந்துகொண்டான். இடது கையைக் காற்றில் உயர்த்தினான், விரல்கள் கம்பியில்லாத இடத்தில் இறங்கி ஏறின, வாயைத் திறந்து, நெஞ்சு விரிய, அவன் வாசிக்காமல் விட்டுப்போன அத்தனையையும் தொண்டையாலேயே வாசித்தான். பாட்டு அவனைத் தாண்டி வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, அவன் குரலும் அதோடு சேர்ந்துகொண்டது.

அந்தக் குரல் திரும்பி எங்களிடம் வர மாசியாயிற்று. வெறும் குரல் மட்டும். நாங்கள் மூவரும் மாடியில்தான் இருந்தோம். தும், தும் என்று அது வந்தது, தடுமாறாமல், அவன் நடை மாதிரியே. சசிதரன் கிட்டாரை எடுத்தான், மடியில் வைத்துக்கொண்டான், வாசிக்க முடியவில்லை. அது ஓய்ந்த பிறகும் நாங்கள் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பாட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எப்போது என்றால், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிந்து, மறுபடி கோடை. எமிலி நன்றாக வளர்ந்திருந்தாள், அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துத் தைத்த பாவாடை போட்டிருந்தாள், இப்போது கேட்டில் ஏறாமலே அதற்கு மேலாகத் தெருவைப் பார்ப்பாள். அன்று முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். உள்ளே ஓடி அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் கேட்டருகே நின்றார்கள். எமிலிக்கு அந்தத் தாளம் பிடிபடவில்லை, காலால் தட்டிப் பார்த்துத் தப்பித் தப்பி மறுபடி தட்டினாள். சாந்தாமணிக்கு எல்லாம் தெரியும், எத்தனை ஒத்திகை கேட்டிருக்கிறாள், அவள் அசையாமல் நின்றாள். கடைசிப் பகுதி வந்திருக்க வேண்டும். அவள் மெதுவாக மண்ணில் உட்கார்ந்தாள். எமிலியை இழுத்து மடியில் உட்காரவைத்து, அவ்வளவு பெரிய பெண்ணை, காதருகே ஏதோ சொன்னாள், எமிலி தெருவின் நடுவே வண்டி தள்ளி வருகிற அந்தத் தாடிக்கார மனிதரைப் பார்த்தாள்.

நாங்கள் யாரும் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டதில்லை. அவர்கள் இருவர் கேட்டார்கள்.

அது முடிந்ததும் சாந்தாமணி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, கழுத்து நரம்பு புடைக்க எதையோ கத்தினாள். அவனுக்கா எங்களுக்கா என்று தெரியவில்லை. நீளமாக இருந்தது. நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்தினாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கனி மாடி ஜன்னலைச் சாத்துவதில்லை இப்போதெல்லாம். மழையடித்து டிரம்ஸ் நனைந்தாலும் சாத்துவதில்லை. அவள் சொன்னது இன்னும் வந்து சேரவில்லை.